புளி போட்டு மினுக்கிய அங்கவடித் தகடு

என் ஆசை அப்பாவுக்கு,

வெரிபீயில் நாங்கள் சுகம். நீங்கள் போய் ஒரு வருடம், உங்கள் ஆட்டைத் திவசம் முடிந்துவிட்டது. அதற்கு முதல்நாள் அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து, உங்கள் சவரப் பெட்டிக்குள் இருந்த அந்தப் பச்சை பிடித்த உலோகத் துண்டையும் புளி போட்டுத் தேய்த்தார். இந்த நாட்டுக்கு வருவதற்கு முன், இங்கிலாந்தில் வயல் வேலையில் முட்டைக்கோசு வெட்டியபோது மண்ணிலிருந்து நீங்கள் எடுத்தது. தேய்க்கத் தேய்க்க ஒரு மிருகத்தின் முகம் தெரிந்தது. வாயிலிருந்து கொடி சுருண்டு போகிறது.

அந்த வயல் இருக்கும் பகுதியின் தொல்லியல் அலுவலர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். ஆயிரம் வருடப் பழசாம். குதிரையில் இருப்பவர் கால் வைக்கும் அங்கவடியை வாரோடு இணைத்த அலங்காரத் தகடாம். "யார் இதைக் கழுவியது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஆயிரம் வருடத்துக் களிம்பை அம்மா அரை மணித்தியாலத்தில் போக்கிவிட்டார்.

"ஊத்தையைக் கழுவினது குற்றமோ?" என்றார் அம்மா. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள், இல்லையா?

தகடு வயல்காரருக்கு உரியது, திருப்பி அனுப்புங்கள் என்றார் அலுவலர். சரி. கூடவே ஒரு படிவம். கிடைத்த இடம்: காற்றாலைக்குப் பக்கத்து வயலின் கிழக்கு மூலை. நூறு தரம் சொல்லியிருக்கிறீர்களே. அடுத்தது, கண்டெடுத்தவர் பெயர்.

"தெரியாது எண்டு போடு. அந்தாள் அங்க விசா இல்லாமல் நிண்டது," என்றார் அம்மா.

"அப்பா இல்லையே அம்மா. இனி ஆரைப் பிடிக்கப் போறாங்கள்?"

"நாங்கள் இருக்கிறம்தானே."

அந்தப் பயம் உங்களோடு போகவில்லை அப்பா. லீவு நாளில் உலோகம் தேடும் கருவியோடு வயலில் நடந்து இப்படி ஒன்றைக் கண்டெடுப்பவர்கள், அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நீங்கள் குளிரில் குனிந்து, வேறொருவனின் வேலை அட்டையில், அவன் பெயரில் வேலை செய்தவர். எடுத்ததைக் காட்ட உங்களுக்குப் பெயர் இருக்கவில்லை. இதற்கு நான் யாரிடம் கோபப்படுவது?

இரண்டு நாள் படிவம் மேசையில் கிடந்தது. நேற்றுக் காலை அம்மா தேத்தண்ணியோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"முழுப் பேரையும் போடு. தகப்பன்ர பேரையும் சேர்த்து. இங்கிலிசில பிழை விடாதை."

எழுதிவிட்டேன். முத்துக்குமாரு செல்வரத்தினம். அந்த நாட்டில் உங்கள் சொந்தப் பெயர் ஏறும் முதல் தாள் இதுதான். நீளம் என்று அவர்கள் சுருக்கினால், திருத்தும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

உங்கள் மூத்த மகள்