‘.கடை’ கேட்டு இரண்டு கம்பெனி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் சுகமே.

இணைய முகவரியின் கடைசியில் ‘.காம்’ போல வருவதற்கு, ‘.கடை’ என்ற புதுப் பெயர் கேட்டு எங்கள் கம்பெனி விண்ணப்பித்திருக்கிறது. இன்னொரு கம்பெனியும் அதையே கேட்டிருக்கிறது. என் அறைத்தோழிக்கு அங்கேதான் வேலை! பெயர் ஒருவருக்குத்தான் கிடைக்குமாம்.

மேனேஜர் கூப்பிட்டு, “ஒரே ரூம்ல இருந்தா விஷயம் கசிஞ்சிடும்மா, வேற இடம் பாரு” என்றார். அறைக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு நான் தயங்கி நிற்கையில் அவளே பெட்டியைக் கட்டிவிட்டாள். “சண்டை கம்பெனிக்குத்தான்டி, நமக்கில்ல” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

கவலைப்பட ஒன்றுமில்லை. அறை விசாலமாகிவிட்டது. எனக்குத்தான் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். சோறு தினமும் மிஞ்சிப்போகிறது. ஒரு ஆளுக்கு மட்டும் எவ்வளவு அரிசி போடுவது என்று எழுதுங்கள்.

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் சின்னவள்