பொட்டலக் கூடத்துத் திரையில் ஓடும் குதிரையை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
லிஃப்ட் பழுது பார்ப்பவர்
(பெயரும் முகவரியும் தனி உறையில் உள்ளன. நான் எழுதியது என் மனைவிக்குத் தெரிய வேண்டாம்.)

பெறுநர்:
தொழிலாளர் நல ஆய்வாளர் அவர்கள்

பொருள்: சரக்குக் கிடங்கில் வேலை நேரத்தில் நடத்தப்படும் குதிரை விளையாட்டை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. ஆன்லைனில் வாங்கும் பொருட்களைப் பொட்டலம் கட்டி அனுப்பும் கிடங்கில் என் மனைவி வேலை செய்கிறார். சில மாதங்களுக்கு முன் அங்கே மேசைக்கு ஒரு திரை வைத்தார்கள். ஆளுக்கொரு குதிரை. பொட்டலம் முடிந்தால் குதிரை ஓடும். கை நின்றால் படுத்துவிடும். யாருடைய குதிரை படுத்தது என்பது கூடத்தின் பெரிய திரையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் வரும் குதிரைக்குத் தலையில் ஒரு கிரீடம் வைப்பார்கள். சம்பளத்தில் ஒரு பைசா ஏறாது.

2. முதலில் நானும் சிரித்தேன். "இன்னைக்கு நம்ம குதிரைதாங்க முதல்ல" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வருவார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. பிறகுதான் அவர் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருவதைக் கவனித்தேன். கேட்டதற்கு, "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். போனா குதிரை படுத்துடுங்க" என்றார்.

3. சிறுநீர்த் தொற்று வந்தது. மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுத்தார். நான் வேலைக்குப் போனதும், காய்ச்சலோடு இவரும் கிளம்பிப் போயிருக்கிறார். சண்டை போட்டேன். "லீவு போட்டா குதிரையைக் கடைசிக்குத் தள்ளிடும், உங்களுக்கு என்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தார். மேற்பார்வையாளரைப் போய்ப் பார்த்தேன். நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, "யாரையும் கட்டாயப்படுத்தலையே அண்ணே, சும்மா ஒரு ஜாலிக்குத்தான்" என்றார். ஜாலியாம்! லிஃப்ட்கூடப் பாரம் மிஞ்சினால் மணியடித்து நின்றுவிடும், அம்மையீர். அதை அவரிடமும் சொன்னேன். சிரித்தார்.

4. நேற்று என் மனைவி மேசையிலேயே மயங்கி விழுந்துவிட்டார். தொற்று சிறுநீரகத்துக்குப் போய்விட்டதாம். இன்னொரு முறை வந்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார் மருத்துவர். கண் விழித்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என் குதிரை இப்போ எத்தனாவதுங்க?"

5. எனக்கு நஷ்டஈடு வேண்டாம். அவர் வேலையும் போக வேண்டாம். அவர் எழுந்து நடந்தால் நேராக அங்கேதான் போவார். தடுக்க என்னால் ஆகவில்லை. அதற்குள் அந்தத் திரைகளை எடுக்க உத்தரவிடுங்கள்.

விசாரணைக்கு வரும்போது என் மனைவியையும் கேட்பீர்கள். "நானா ஆசைப்பட்டுத்தான் ஆடறேன்" என்பார். அது பொய்யில்லை, அம்மையீர். அந்தப் பதிலை மட்டும் எழுதிக்கொண்டு கோப்பை மூடிவிடாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நாள்: ஜூன் 14
இடம்: மருத்துவமனை, பெண்கள் பிரிவு வராந்தா

இப்படிக்கு,
(கையொப்பம்)
அவருடைய கணவர்