பரங்கிக்காய்க்கு மஸ்கட்டிலிருந்து ஏலம்

1996 பிப். 2, வெள்ளி

காலையில் கடும் பனி. எதிர்வீடு தெரியவில்லை. மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடை ஏறக்குறைய முடிந்தது.

செய்ய வேண்டியவை: கண்ணாடிக்குத் திருகு. எஸ்தருக்கு முழங்கால் தைலம். போன் சோதனை.

கம்பியில்லாத போன், எங்கள் மகன் ஜான் மஸ்கட்டிலிருந்து கொடுத்தனுப்பியது. இதுவரை பெட்டியிலேயே. இன்று போதகர் வீட்டில் மாட்டினேன். ரிசீவரோடு கோவில் வளாகத்தில் நடந்து பார்த்தேன். புங்கமரம் வரை குரல் தெளிவு. ஏல மேசை போடுவது அந்த மரத்தடியில்தான்.

11ஆம் தேதி சபையில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததைக் காணிக்கை வைப்போம், பிறகு அதையே ஏலம் விடுவார்கள். எஸ்தர் எங்கள் கொல்லையில் காய்த்த முதல் பரங்கிக்காயைக் காணிக்கை வைப்பாள். ஜான் இங்கே இருந்தவரை அதை ஏலத்தில் எடுப்பவன் அவன்தான். அவன் போன பிறகு, காயை வைத்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ஏலத்துக்கு நிற்பதே இல்லை. இந்த வருஷம் நிற்க வேண்டும். அவன் அங்கிருந்தே ஏலம் கேட்டால்?

அவளிடம் சொல்லவில்லை. நடக்காமல் போனால்?

ஏலம் விடுபவன் அவள் தம்பி ஆபிரகாம். கேட்டுவிட்டுச் சிரித்தான். "அவன் கேப்பான், சரி அத்தான். காய எதுல அனுப்புவீங்க, ஒயர் வழியாவா?" நல்ல பதில் ஒன்று தோன்றியது, வீட்டுக்கு வந்த பிறகு.

மாலை ஜான் பேசினான். "ஞாயித்துக்கெழம எங்களுக்கு டூட்டிப்பா. அஞ்சு மணிக்குத்தான் விடுவாங்க." ஒன்றரை மணி நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு வைத்தவன், அங்கே வார விடுமுறை வெள்ளி என்பதை மறந்தேன். வெள்ளிதோறும் அவனோடு பேசிக்கொண்டே! நானெல்லாம் அறிவியல் வாத்தியார்.

பிப். 4, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் சபைக் கூட்டம். ஏலத்தை மாலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதிக்கொண்டு போனேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆட்சேபணைகள்: கீரை வாடும். கோழி கத்தும். மதியச் சாப்பாடு முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தது. உட்காரவில்லை. "நம்ம பசங்க ஆறு பேர் அங்க ஒரே கேம்ப்ல இருக்காங்க. ஆறு பேரும் போன்ல வருவாங்க" என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "எம் புள்ளயும் பேசுவானா வாத்தியாரே?"

இன்னொருத்தி: "கீரைதானே, தண்ணி தெளிச்சு வச்சா போச்சு."

"கோழி எங்க வீட்டுது. அத கத்தாம நான் பாத்துக்கறேன்."

போதகரே சிரித்துவிட்டார். ஏலம் மாலை ஏழு மணிக்கு.

வீடு வந்ததும் எஸ்தர் வாசலில்: "முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

பிப். 8, வியாழன்

காலை முழுவதும் கரண்ட் இல்லை. சும்மா உட்கார்ந்து யோசித்தவை, யாருக்கும் காட்ட அல்ல:

போன் சட்டைப்பைக்கு வரும். நாற்று நடும் பெண்களின் இடுப்பிலும். கல்லணையில் தண்ணீர் திறந்ததும் கடைமடைக்காரனுக்கு அந்த நிமிடமே தெரியும். வீட்டிலிருந்தே வயல் மோட்டாரை நிறுத்தலாம். பேசுகிறவர் முகம் தெரியும்.

பாதி பலித்தால் போதும். கால்வாசி?

தைலம் வாங்க மறந்தேன்.

பிப். 11, ஞாயிறு

மணி ஏழு. புங்கமரம், டியூப்லைட், நல்ல கூட்டம். போன் வரவில்லை. மற்ற காய்களை ஏலம் விட்டார்கள். வரவில்லை. ஆபிரகாம் மைக்கில், "மஸ்கட் தூங்கிடுச்சு போல!" ஒரே சிரிப்பு. ரிசீவரை இன்னொரு கைக்கு மாற்றினேன். எஸ்தர் கடைசி வரிசையில். எழுந்து போகவில்லை.

போன் மணி அடித்தது.

மைக்கோடு சேர்த்துப் பிடித்தேன். ஊளைச் சத்தம். பிறகு ஆறு குரல் ஒன்றாக: "ஸ்தோத்திரம்!"

பரங்கிக்காய் மேசைக்கு வந்தது. சபைப் பொருளாளர் விலை ஏற்றினார். ஜான் ஏற்றினான். ஆபிரகாமும் கேட்டான். ஏலம் விடுபவன் கேட்கக் கூடாது. யார் தடுத்தார்கள்?

"ஒருதரம்... ரெண்டுதரம்..."

போனில் ஜான்: "மாமா, இருங்க இருங்க! நான் இன்னும் ஏத்துறேன்!"

"மூணுதரம்! காய் மஸ்கட்டுக்கு! எதுலடா அனுப்பட்டும் மாப்ள?"

"அனுப்பாதீங்க மாமா. திரும்ப ஏலத்துல விடுங்க!"

எடுத்ததைத் திரும்பக் காணிக்கையாக விடுவது எங்கள் வழக்கம்தான். ஆறு பையன்களும் முறை வைத்து அதே காயை எடுத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த வீட்டார் எழுந்து நின்று கைதட்டினார்கள். கடைசியில் மறுபடி ஜான். "இது அம்மாவுக்கு."

எஸ்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ரிசீவரை வாங்கினாள். "ஜான், சாப்டியா?" மைக்கில் ஊருக்கே கேட்டது.

"அம்மா, எல்லாரும் கேக்குறாங்கம்மா."

"கேக்கட்டும்."

நடந்தது. நான் சொன்னபடியே நடந்தது.

பிப். 12, திங்கள்

பனி குறைவு. பரங்கிக்காய்க் குழம்பு. ஆறு வீட்டுக்கும் துண்டு போட்டுக் கொடுத்தாயிற்று. ஆபிரகாம் சாப்பிட வந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "ஏன் அத்தான், ஒருநாள் போன்ல மூஞ்சியும் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். சத்தமாகவே.

அடுப்படியிலிருந்து எஸ்தர்: "அதையாவது முன்னாடியே சொல்லுங்க. நல்ல புடவையா கட்டிக்கணும்."