தள்ளிப்போட்டதெல்லாம் உள்ளேதான் இருக்கும் என்றாய்

அக்கா,

ஆடி பிறந்துவிட்டது. நேற்று ஷிப்ட் முடிந்து, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடையில் தலைவலி மாத்திரைக்காக நின்றேன். எனக்கு முன்னால் நம் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி. மாத்திரை பெயரெல்லாம் அவள் சொல்லவில்லை. "கோயிலுக்குண்ணா" என்றாள், அவ்வளவுதான். கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்துச் செய்தித்தாளில் மடித்து நீட்டினார். அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. அப்படி ஒரு பொட்டலத்தை முதன்முதலாக என் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தவள் நீதானே.

நம் லைனில் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் அந்த மாத்திரை தெரியாதவள் யார்? கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி. பலகை நகர்ந்துகொண்டே இருக்கும், அதோடு கையும் ஓட வேண்டும். மாற்று ஆள் வந்து நின்றால்தான் பாத்ரூம் போகலாம். ஆடிட் நடக்கும் வாரத்தில் மாற்று ஆளும் கிடையாது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் சுற்றி நிற்கும்போது, எனக்கு இன்று அந்த நாள் என்று எந்தச் சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்வது? அதனால் ஆடிட் வந்தால் மாத்திரை. கெங்கையம்மனுக்குக் காப்புக் கட்டினால் மாத்திரை. தங்கச்சி கல்யாணம் என்றாலும் மாத்திரை. எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை. நமக்கு நாமே டாக்டர்.

நான் முதலில் பயந்தேன். ஆரம்பாக்கம் போகும் ரயிலில் நீ என் தோளில் இடித்துச் சொன்னாய். "இன்னாடி பயம்? நா எத்தினி வருசமா போட்டுக்கினு கீறேன். மாசத்துக்கு ஒரு முட்ட போவுது இல்ல? தள்ளிப்போட்டா அது எங்க போவும்? உள்ளதான் இருக்கும். கல்யாணம் ஆனப்பொறம் ஒதவும்டி."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது, "இத வூட்ல படிச்சிக்கோங்க" என்று டீச்சர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். வீட்டில் யார் படித்தார்கள்? செலவு செய்யாதது மிச்சம் என்பதுதான் நமக்குத் தெரிந்த ஒரே கணக்கு. அரிசியும் அப்படித்தான், கேஸும் அப்படித்தான். முட்டையும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

உனக்கு அவசரமும் இல்லை. உன் அப்பா போன பிறகு உன் தங்கைகள் இருவரையும் கரையேற்றிவிட்டுத்தான் உன் கழுத்தை நீட்டினாய். அப்போது உனக்கு வயது முப்பத்தைந்து. மாமா அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை, தங்கமான மனுஷன். வயசாகிறதே என்று யாராவது வாயெடுத்தால் நீ சண்டைக்கே போவாய். "மாசா மாசம் டாண்ணு வருது. மிசின் நல்லாத்தான் ஓடுது. உனுக்கு இன்னா பேஜாரு?"

இரண்டு வருடம் ஒன்றும் தங்கவில்லை. மரத்தில் தொட்டில் கட்டினாய், மண்சோறு சாப்பிட்டாய். கடைசியில்தான் சென்னையில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் கொடுத்ததும் ஸ்கேன் எடுத்ததும் மாமாவோடு. முடிவு கேட்கப் போன அன்று அவருக்கு ஷிப்ட். அதனால் துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

அந்த டாக்டரம்மா நல்லவர். பொறுமையாகச் சொன்னார். "பொண்ணு பொறக்கும்போதே முட்டைங்க எல்லாத்தையும் கொண்டுக்கிட்டுதாம்மா பொறக்கறா. அப்புறம் புதுசா வர்றது இல்ல. மீதி எவ்வளவு இருக்குன்னு தோராயமா சொல்றதுதான் இந்த ஏ.எம்.எச். டெஸ்ட். உங்களுக்கு ரொம்பக் கொறஞ்சிருக்கு."

"எனக்குத்தான் மாசா மாசம் சரியா வருதே டாக்டர்?"

"சரியா வர்றது வேற, மீதி எத்தனைங்கறது வேறம்மா."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு குரலைத் தாழ்த்தி அந்தக் கேள்வியைக் கேட்டாய். "நா நெறைய மாத்திர போட்டுத் தள்ளி வெச்சிருக்கேன் டாக்டர். அப்ப அதெல்லாம்? சேத்து வெச்சது?"

அவர் சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. "மாசத்துக்கு ஒண்ணு வெளிய வரும், அதோட கூடவே பல முட்டைங்க தானா கரைஞ்சிடும். மாத்திரை போட்டாலும் சரி, கர்ப்பமா இருந்தாலும் சரி, அந்தக் கரையறது நிக்காது. இத யாராலயும் சேத்து வெக்க முடியாதும்மா." குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை, ஒன்று போதும், ஆனால் நாளைக் கடத்தக்கூடாது, ஊசி போட்டு முட்டையை வெளியே எடுத்துக் கரு உண்டாக்கிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அது உன் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கரைஞ்சிடுச்சாமேடி" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

உன் மாமியாரிடம் மாமா விவரம் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். "கொளம் வத்தனப்பொறம் எம் புள்ள தலையில கட்டிட்டாங்க" என்றார் அந்த அம்மாள். அடுப்படியில் நீ நிற்பது தெரிந்தேதான் சொன்னார். நீயா, சும்மா விடுகிறவளா! ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஊசி ஆரம்பித்தபோது ஐப்பசி மழை. வயிற்றில் குத்திக்கொண்டு வேலைக்கும் வந்தாய். நாலைந்து நாளில் கண் சிவந்து, உடம்பு கொதித்தது. தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்றேன். "ஊசிச் சூடுடி. எளநி குடிச்சாப் போயிடும்" என்று கையைத் தட்டிவிட்டாய். மாமாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறாய். காய்ச்சல் என்றால் டாக்டர் ஊசியை நிறுத்திவிடுவார், "இந்தத் தபா உட்டா அடுத்த தபாக்கு முட்ட இருக்குமோ இன்னாமோ" என்று. காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு ஸ்கேனுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டே படுத்திருக்கிறாய். டெங்கு என்று தெரிந்தபோது ரத்தத்தில் தட்டணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. முட்டை எடுப்பதாகச் சொல்லியிருந்த வாரத்தில் உன்னை எடுத்தோம்.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை அக்கா. பக்கத்தைப் புரட்டிய டீச்சர் மேல், மாற்று ஆள் தராத லைன் மேல், உன் மாமியார் மேல். ஏன், உன் மேலும்தான். இருந்தது சில முட்டைகள்தான், சரி. நீ ஒருத்திதானே இருந்தாய்?

போன வருடம் நானும் அந்த டெஸ்ட் எடுத்துக்கொண்டேன். அம்மா குதித்தாள். "கண்ணாலம் ஆவாத பொண்ணுக்கு இன்னாடி இந்த டெஸ்டு? ஊர் இன்னா பேசும்?" அதே டாக்டரம்மாவிடம்தான் போனேன். என் வயதுக்குப் பரவாயில்லை என்றார். "இது ஜோசியம் இல்ல, எண்ணிக்கை மட்டும்தான். இதப் பாத்துட்டு மெத்தனமாவும் இருக்காத, பயந்தும் சாவாத" என்றார். தம்பிக்கு வேலை கிடைக்கட்டும், கல்யாணம் அப்புறம் பார்க்கலாம் என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த பேச்சை அன்றோடு நிறுத்தினேன். இப்போது வரன் பார்க்கிறார்கள். கேன்டீனில் பெண்கள் கேட்டால் சொல்லிக்கொடுக்கிறேன். "அப்ப மாத்திர போட்டாக் கெட்டுடுமாக்கா?" என்கிறார்கள். கெடாது, ஆனால் சேராது, டாக்டரைக் கேட்காமல் போடாதே என்கிறேன். நீ இருந்தால் வாத்தியாரம்மா என்று கிண்டல் செய்திருப்பாய்.

மாமா மறுபடி கல்யாணம் செய்துகொண்டது உனக்குத் தெரிந்திருக்கும். பாவம், நல்ல பெண். வந்து வருடம் கடந்தும் ஒன்றும் இல்லை. போன வெள்ளிக்கிழமை உன் மாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று நம் பக்கம் கும்பிடுவார்களே, அந்தப் படையல். இந்த முறை பூவாடைக்காரி நீ.

மஞ்சள் புடவையை மடித்து மணைமேல் வைத்து, பூச்சுற்றி, குங்குமம் இட்டிருந்தார்கள். உனக்குப் பிடித்த நெத்திலிக் குழம்புகூட வைத்திருந்தார்கள். உன் மாமியார் தரையில் விழுந்து கும்பிட்டார். "யம்மா, நீதான் இந்தக் குடும்பத்துக்குத் தெய்வம். இவ வவுத்துல ஒரு புழு பூச்சியக் குடும்மா" என்று வாய்விட்டு அழுதார். அது நடிப்பில்லை, நிஜமான அழுகைதான். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிள்ளைக்காக உயிரை விட்டவளிடமே வந்து பிள்ளை கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கற்பூரத்தட்டு என்னிடம் வந்தது. கண்ணை மூடி நின்றேன். முடித்ததும் உன் மாமியார் என் கையைப் பிடித்தார். "நீயும் அவகிட்ட ஒரு வார்த்த சொன்னியா? நீ கேட்டா குடுப்பாடி. இன்னா வேண்டிக்கின?"

"ஒண்ணும் வேண்டிக்கல அத்த," என்றேன். "காய்ச்சல் உட்டுடுச்சான்னு கேட்டேன்."