காலி நாற்காலிக்கு வைத்த சிவப்புப் புள்ளி

கிள்ளான்,
சனிக்கிழமை, மாலை ஐந்து மணி.

அன்பு மகன் குருவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் இன்று வெயிலா குளிரா என்று தெரியாது, எதுவானாலும் உன் உடம்பு சுகமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டே தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் மலரும் நலம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே, நான்கு தடவை எழுதி நான்கையும் கிழித்துப் போட்டேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் முகாம் போனில் உனக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தில், பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது சொல்கிற விஷயம் இல்லை இது. இன்னும் ஓராண்டு அங்கேயே இருக்க விருப்பமா இல்லையா என்று மாதக் கடைசியில் படிவம் கொடுப்பார்கள், உன்னோடு முகாமில் இருக்கும் ஹைதர் விருப்பம் என்று போடப் போகிறான், நானும் போடலாம் என்று இருக்கிறேன் என எழுதியிருந்தாயே, அந்தப் படிவத்தில் கை வைப்பதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடு. திங்கட்கிழமை அப்பா போர்ட் கிள்ளானில் பட்டாளத்துப் பார்சல் வாங்கும் கிடங்கில் கொடுத்துவிடுவார். பார்சலில் மைலோ இரண்டு பாக்கெட், நெத்திலிச் சம்பல் ஒரு போத்தல், நீ கேட்ட காலுறை ஆறு ஜோடி இருக்கிறது. சம்பலை ஹைதரிடம் காட்டினால் உனக்கு மிஞ்சாது.

உன் தங்கச்சி மலருக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் லோரி உள்ளே போகலாம் என்று அப்பா கேலி செய்கிறார், அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள். அப்பாவுக்கு இடுப்புவலி அப்படியேதான், கண்டெய்னர் லோரியை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் நான் விட்டா யாரு ஓட்டுவா, நீ ஓட்டுறியா என்கிறார். நீ அங்கே தண்ணீர் லோரி ஓட்டுகிறாய் என்று கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார், அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கும் பெருமைதான் தம்பி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாளியோடு உன் லோரியின் பின்னால் ஓடிவருவதை நீ எழுதியதைப் படித்து ஆபீசில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அதனால் நான் சொல்லப் போவது உன்னைத் தடுக்க வேண்டும் என்று நான் முன்பே நினைத்திருந்ததால் வந்தது என்று எண்ணிவிடாதே.

என் வேலை உனக்குத் தெரியும், ஹைதரும் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பான் என்பதால் அவனுக்காகச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சின்ன ஆபீசில், வெளிநாட்டு விவகாரங்களில் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்று அட்டவணை போடுகிறோம். அகதிகள், கடல் எல்லை, பருவநிலை ஒப்பந்தம், அமைதிப்படை, இப்படி. ஒப்புக்கொண்டவருக்குப் பச்சைப் புள்ளி, மறுத்தவருக்குச் சிவப்புப் புள்ளி, வராதவருக்கும் காலி நாற்காலிக்கும் ஒரு கோடு. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் பெயர் சொல்லி வாக்கு எடுப்பதில்லை. சபாநாயகர் கேட்பார், ஒப்புகிறவர்கள் யா என்பார்கள், மறுக்கிறவர்கள் தீடாக் என்பார்கள், எந்தப் பக்கம் சத்தம் பெரிது என்று அவர் காதால் கேட்டு முடிவு சொல்லிவிடுவார். பதினைந்து பேர் எழுந்து நின்றால்தான் மணி அடித்து ஒவ்வொருவராக எண்ணுவார்கள், யாரும் எழுந்து நிற்பதில்லை. அதனால் ஆறு வருடமாக நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தச் சத்தத்திலிருந்து ஒவ்வொரு குரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். யார் மூக்கால் பேசுவார், யார் கடைசி எழுத்தை விழுங்குவார், எல்லாம் அத்துப்படி. முகத்தைக் காட்டினால் பெயர் வராது, குரலைக் கேட்டால் வந்துவிடும்.

உங்கள் அமைதிப்படையை இன்னும் ஓராண்டு அங்கே வைத்திருக்கும் தீர்மானம் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போய்க்கொண்டிருக்க, நான் பதிவைப் போட்டுக் கேட்டேன். யா என்று பெரிய சத்தம், நாற்காலிக் கைப்பிடிகளைத் தட்டுகிறார்கள். பிறகு தீடாக் என்கிறவர்கள் என்று சபாநாயகர் கேட்க, அமைதி. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல். முதலில் தொண்டையைச் செருமுகிற சத்தம், அப்புறம் தீடாக் என்று நிதானமாக, தோட்டத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி இழுத்து. யோசிக்கவே இல்லை, என் கை தானாகப் போய் ஒய்.பி. தம்புசாமி பெயருக்கு நேராகச் சிவப்புப் புள்ளி வைத்தது. வடக்கே தோட்டப்புறத் தொகுதிக்காரர், அந்தச் செருமல் வேறு யாருக்கும் கிடையாது. அட்டவணை வெள்ளிக்கிழமை நானூறு பேருக்கு மின்னஞ்சலில் போய்விட்டது.

சனிக்கிழமை எங்கள் மேலாளர் மெஹ்ரின் அக்கா கூப்பிட்டார். எப்போதும் கத்துகிறவர், அன்று மெதுவாகப் பேசினார். தாமரை, நீ யாருக்கும்மா புள்ளி வச்ச, தம்புசாமி மவுத்தாகி பத்தொன்பது நாள் கழிச்சுத்தான வோட்டே நடந்துச்சு, என்றார். அவர் இறந்த செய்தியை நானே பத்திரிகையில் படித்தவள், மாரடைப்பு என்று அப்பாவிடம் சொன்னவள், இடைத்தேர்தல்கூட இன்னும் நடக்கவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் அலட்சியம் என்று நானே திட்டியிருப்பேன். ஆனால் காதால் வேலை செய்கிறவளுக்கு உயிரோடு இருக்கிற குரல் இது, இல்லாத குரல் இது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் எங்கே இருக்கிறது. திங்கட்கிழமை முழுவதும் போன். செத்தவங்க வோட்டு தேர்தல்லதான் விழும்னு நெனச்சேன், பார்லிமென்ட்டுக்கும் வந்திருச்சா அக்கா, என்று ஒருவன் சிரித்தான். நாங்கள் மன்னிப்புக் கேட்டு, புள்ளியை எடுத்துவிட்டுக் கோடு போட்டோம். அதற்கு முன்பு மெஹ்ரின் அக்காவும் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். அந்த நாற்காலி மைக் ஆஃப், ஆள் இல்ல, யாரோ மிமிக்ரி பண்றானுங்க லா, என்றார். சொல்லிவிட்டு ஹெட்போனை என் கையில் கொடுக்கவில்லை, மேசையின் அந்த ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

என்னால் விட முடியவில்லை. பழைய அட்டவணைகளை எடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டு விவகாரத்தில் தம்புசாமிக்கு முப்பத்து நான்கு வாக்கு, முப்பத்து நான்கும் பச்சை. உங்கள் படையை முதன்முதலில் அனுப்பிய தீர்மானத்தின் பதிவையும் கேட்டேன், அதே செருமல், யா என்று எல்லோரையும்விட உரக்கச் சொல்லியிருக்கிறார். உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூட மறுக்காத மனிதர் அவர்.

அடுத்த வாரம் அவர் மனைவி வீரம்மா அம்மா ரயில் ஏறி வந்துவிட்டார். வம்புக்குத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன், அவர் கேட்டதோ அந்தக் குரலைத்தான். மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை சிரித்தார். அவருதாம்மா, வீட்ல எதைக் கேட்டாலும் இதே செருமல் இதே வேணாம்தான், காப்பிக்குச் சீனியா வேணாம், சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணமா வேணாம், அங்க போயி உக்காந்தாத்தான் கட்சி சொன்னபடி யா யான்னு வந்திருவாரு, என்றார். பிறகு எதற்கு நடந்த வாக்கு இது என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என் மேசையில் நீலத் தொப்பியோடு இருக்கிற உன் படத்தை எடுத்து, உம்மவனா என்றார். ஆமாம் என்றேன். முதல் படை கிளம்பிய அன்று தம்புசாமியும் விமானத் தளத்துக்கு வந்து வரிசையில் நின்ற பையன்கள் எல்லோருக்கும் கை கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து, ஒரு பையன் கை மட்டும் ஜில்லுன்னு இருந்துச்சு வீரம்மா, அந்தச் சில்லு என் கையில இருந்து போவ மாட்டேங்குது, என்று நாலு நாள் சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அதை நான் யாரிடமும் இதுவரை சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. அன்று வரிசையில் இருநூறு பேர் நின்றீர்கள், யார் கையாகவும் இருக்கலாம். உன் கை குழந்தையிலிருந்தே சில்லென்றுதான் இருக்கும், டாக்டரிடம் காட்டியிருக்கிறேன், ஒன்றும் இல்லை என்றார், அதனால் அதில் ஒன்றும் இல்லை.

அப்பாவிடம் குரலைப் பற்றி மட்டும் சொன்னேன். போர்ட்ல வாக்கிடாக்கியில எந்தக் காலத்துக் கப்பல்காரன் குரலெல்லாமோ வரும், அதுக்காக நான் லோரிய விட்டுட்டு ஓடியா வந்துட்டேன், தூங்கு லா, என்றார். நானும் படித்தவள், ஆவி பேய் என்று எழுதக் கை கூசுகிறது. இத்தோடு போயிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியே இருக்க மாட்டேன், நீ விருப்பம் என்றே போட்டிருப்பாய், நானும் சரி என்றிருப்பேன்.

இந்த வாரம் புதன்கிழமை நீ போன் செய்தாய். வியாழக்கிழமை நாடாளுமன்றத்தில் இன்னொரு தீர்மானம், கடலில் தத்தளிக்கிற படகுகளை அக்கம்பக்கத்து நாடுகளோடு சேர்ந்து மீட்பதைப் பற்றி. உங்கள் படைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பதிவை இன்று காலை வீட்டில், சமையலறை மேசையில் வைத்துக் கேட்டேன், வெளியே நல்ல வெயில், பக்கத்து வீட்டில் கார் கழுவுகிறார்கள். யா முடிந்தது. தீடாக் என்கிறவர்கள் என்றார் சபாநாயகர். செருமல் கேட்டது, தம்புசாமி இழுத்துச் சொன்னார். அவருக்குப் பின்னாலேயே இன்னொரு குரல், இளம் குரல், கொஞ்சம் அவசரமாக. எனக்குத் தெரிந்த இருநூற்றுச் சொச்சம் உறுப்பினர் குரலில் அது இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை குரு, சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலர் அடித்துக்கொண்டிருந்த மலரைக் கூப்பிட்டு, இதில் யாராவது தெரிந்தவர்கள் பேசுகிறார்களா பார் என்று ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். கேட்டுவிட்டு, அந்தப் பொக்கைவாயைத் திறந்து சிரித்து, அண்ணன் எப்பம்மா பார்லிமென்ட்டுல வேலைக்குச் சேந்தாரு, என்றாள்.

நீ நலமாக இருக்கிறாய், எனக்குத் தெரியும். உடனே முகாமுக்குப் போன் போட்டேன், எடுத்த அதிகாரி எல்லோரும் நலம், உங்கள் மகன் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார் என்றார், வந்ததும் சொல்கிறேன், கூப்பிடுவார் என்றார். இப்போது ஐந்து மணிக்கு மேலாகிறது, நீ இன்னும் கூப்பிடவில்லை, அங்கே இப்போதுதான் மதியம், வேலையாக இருப்பாய். அப்பாவுக்கு இதைச் சொன்னபோது இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை. எழுந்து போய் லோரியில் உட்கார்ந்துவிட்டு, வெகுநேரம் கழித்து வந்து, எழுதுறத ஒழுங்கா எழுது, அவன் வரட்டும், என்று மட்டும் சொன்னார். நான் இதையேதான் காலையிலிருந்து உருட்டிக்கொண்டிருக்கிறேன். நீ அதில் மறுத்தது எதை, அங்கே இருக்க மாட்டேன் என்றா, வீட்டுக்கு வர மாட்டேன் என்றா. முதலாவதாக இருந்தால் எனக்கு அதைவிட நிம்மதி இல்லை. எதுவென்று அந்தக் குரலில் தெரியவில்லை, ஆறு வருடம் இதே வேலை செய்தும் தெரியவில்லை.

அதனால் சொல்கிறேன், அந்த வாளிப் பிள்ளைகளுக்கு வேறொருவர் தண்ணீர் கொண்டுவருவார், நீ வந்துவிடு. மறுப்பவர்கள் ஒரு கூட்டமாக எழுந்து நிற்காத வரையில் யாருடைய மறுப்பையும் நாடாளுமன்றத்தில் எண்ண மாட்டார்கள், உன்னுடையதை நீ மட்டும்தான் எண்ண முடியும். ஹைதருக்கும் சொல், அவன் அம்மா வீட்டுக்கு நான் நாளை போகிறேன். அந்தப் பக்கத்து வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதே, கொதிக்கவைக்காத தண்ணீரைக் குடிக்காதே, லோரி ஓட்டும்போது பாட்டுச் சத்தத்தைக் குறைத்து வை. முருகன் உன்னோடு இருப்பான், நீ எந்தப் பாதையில் வண்டியை விட்டாலும் அந்தப் பாதை உன்னை வீட்டில் கொண்டுவந்து விடட்டும்.

மறக்காமல் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். படிவம் வந்ததும் விருப்பமில்லை என்ற கட்டத்தில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்துவிடு. அதிகாரி கேட்டால் தலையை மட்டும் ஆட்டு, எழுதிக் காட்டு. என்ன ஆனாலும் தீடாக் என்ற அந்த வார்த்தையை வாயால் சொல்லாதே.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அம்மா,
தாமரை பரமேஸ்வரன்