நான் சுரண்டி எடுத்த பறவை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா சுகம், நான் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம், ஏன் என்று கீழே சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடாமல் வெளியே போகாதே.

போன் பண்ணி என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னாய். அண்ணன் தன் பக்கத்தை மட்டும் சொல்லி உன்னைத் தூது விட்டிருக்கிறான், என் பக்கத்தையும் கேள். அவன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்குப் பெரிய படம் ஒன்று கேட்டார்கள், மழைக்காலம் முழுக்க முன்னறையை அடைத்துக்கொண்டு வரைந்தேன், அப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் வெளியே போய் வந்தார். மாட்டிய பிறகு நிர்வாகி, பாக்கிறவங்களுக்கு ஒண்ணுமே புரியல, அந்த மூலை சும்மாதானே கிடக்கு, ஒரு பறவை இருந்தா நம்பிக்கையா இருக்கும் என்றாராம். அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவுக்கு முதுகுவலி, ஏணியில் ஏற்ற வேண்டாம் என்று நல்ல மனதோடு விளம்பரப் பலகை எழுதுகிறவரைக் கூட்டி வந்து வெள்ளையாக ஒரு பறவையைப் போட வைத்துவிட்டான். திறப்பு விழாவில் எல்லோரும் கைதட்டும்போது நிமிர்ந்து பார்க்கிறேன், என் படத்தில் வாத்து மாதிரி ஒன்று பறக்கிறது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! பையில் எப்போதும் கிடக்கிற, சுவருக்குப் பட்டி பூசும் தகட்டை எடுத்தேன், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன், பெயிண்ட் சரியாகக் காயக்கூட இல்லை, அத்தனை பேர் முன்னாலும் சுரண்டி எடுத்துவிட்டேன். முதுகுவலி எங்கே போனதோ தெரியாது. அண்ணன் ஓடி வந்து, ஒரே ஒரு பறவைதானேம்மா, மானத்த வாங்காதம்மா என்று கெஞ்சினான்.

நீ பிறப்பதற்கு முன்னால் நான் முகங்கள்தான் வரைந்துகொண்டிருந்தேன். மூக்கு மூக்கு மாதிரியே இருக்கும், பார்த்தவர்கள் மெச்சுவார்கள், எனக்கு மட்டும் சப்பென்று இருக்கும். ஒருநாள் சரியாக வராத முகம் ஒன்றைத் துணியால் துடைத்தேன், துடைத்த இடத்தில் அந்த ஆளின் களைப்பு அப்படியே நின்றது. அன்றிலிருந்து என் வழி அதுதான். முதலில் பொருளை வரைவேன், வண்ணத்தால் மூடுவேன், சுரண்டுவேன், மறுபடி மூடுவேன், பொருள் போய் அது எனக்குள் செய்தது மட்டும் மிஞ்சும்வரை விடமாட்டேன். பெரிய மாமா கிண்டலாக, எங்க வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க வர்றியா என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நான் பாட்டுக்கு வரைந்தேன்.

இந்தப் படத்துக்கு அடியில் இருப்பது உன் அறை. நீ கிளம்பிப் போன அன்று இருந்தபடி கட்டில், திரைச்சீலை, நீ மறந்துவிட்டுப் போன செருப்பு எல்லாவற்றையும் வரைந்துதான் மூடினேன். அந்த மூலையை வேண்டுமென்றேதான் காலியாக விட்டேன், நீ இல்லாத அறை எனக்கு அப்படித்தான் இருந்தது. அங்கே போய் வாத்தைப் பறக்கவிட்டால் நான் பார்த்துக்கொண்டு இருப்பேனா?

ஆஸ்பத்திரியில், மன்னிப்புக் கேட்டுப் பறவையைத் திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் படத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். எடுத்து வந்துவிட்டேன். உன் அறையில் மாட்டியிருக்கிறது. தகடு ஆழமாக இறங்கியதில் பறவை இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு கீறல் தெரிகிறது, அடியில் கிடந்த உன் திரைச்சீலை அது. அதை இனி மூடமாட்டேன்.

அண்ணனிடம் பேசு. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், சாப்பாட்டுக்கு வராமல் இருக்கக் கூடாது என்று சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழுங்கள். விடுப்புக் கிடைத்ததும் வா, காதை மூட மறக்காதே.

இப்படிக்கு,
நாற்காலியிலிருந்து இன்னும் இறங்காத
உன் அம்மா