ஓரம் வெட்டிய படம்

ஆகஸ்ட் 3

என் குட்டிம்மாவுக்கு,

நீ, மாப்பிள்ளை, வாண்டு மூவரும் சுகம்தானே? போன் போட்டால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

அப்பா கம்பை ஊன்றி வாசல்வரை நடக்கிறார். வலது கைதான் மடியிலேயே கிடக்கிறது. பேச்சு குழறினாலும் எனக்கு முக்கால்வாசி புரிந்துவிடும். நேற்று டீ ஆறிப்போச்சு என்று திட்டினார். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். ஸ்டுடியோ பூட்டியே கிடக்கிறது. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு விஷயம். பக்கவாதம் வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிதாகப் படம் ஒட்டப்போகிறார்களாம். அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண், "வாய் கோணினப்போ எடுத்த படம் ஏதாவது இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அன்றைக்கு வீடியோவில் பேசும்போது நீ எடுத்தாயே, அது உன் போனில்தானே இருக்கிறது? அனுப்பு கண்ணே. அப்பாவும் சரியென்று தலையாட்டிவிட்டார்.

வாண்டுவுக்கு என் முத்தம்.

அம்மா


ஆகஸ்ட் 19

அம்மா,

அதைக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது?

ஸ்டுடியோவுக்கு வரும் அழுமூஞ்சிக் குழந்தைகளைச் சிரிக்கவைக்க அப்பா காலமெல்லாம் வாயைக் கோணிக் காட்டியவர். அன்றைக்கும் வாண்டுவுக்காகத்தான் கோணுகிறார் என்று நினைத்தேன். அவள் "தாத்தா, இன்னொரு தடவை!" என்று குதித்தாள். நான் "அப்படியே இருங்கப்பா" என்று சொல்லிப் போன் திரையைப் படம் எடுத்தேன். அப்படியே இருங்கள் என்று சொன்னேன் அம்மா! மூலையில் இருக்கும் சின்னக் கட்டத்தில் நானும் அவளும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறோம். அப்பாவுக்குப் பின்னால் நீயும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய்.

அப்புறம் களைப்பு என்றார், படுக்க வைத்தாய். சாயங்காலம் கை தூக்க வராதபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். உடனே வந்திருந்தால் மருந்து ஏற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராமே. அதைக் கேட்டதிலிருந்து அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதைப் போய்ச் சுவரில் ஒட்டினால்? பெற்ற அப்பாவுக்கு அந்தக் கதி, பெண் இளிக்கிறாள் பார் என்று ஊர் காறித் துப்பும். தயவுசெய்து கேட்காதே.

உன் மகள்


செப்டம்பர் 2

குட்டிம்மா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உனக்கு மட்டும்தான் மனசு இருக்கிறதா? படுக்க வைத்தவள் நான். போர்வை போர்த்திவிட்டு வந்தவளும் நான்.

நம் தெரு மளிகைக்கடைக்காரர் போய்விட்டார். சில்லறை கொடுக்கும்போது கையிலிருந்து காசு நழுவிக்கொண்டே இருந்ததாம், பேச்சு குழறியதாம். "தூக்கம் போதலைன்னு நெனச்சேன் அக்கா, போய்ப் படுங்கன்னு சொன்னேன்" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அதையேதானே செய்தேன்! தெரிந்துகொண்ட பிறகாவது இவளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமையானால் நீ வீடியோவில் கூப்பிடுவாய் என்று அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்காருகிறார். கோணல் உனக்குத் தெரியக்கூடாது என்று கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொள்கிறார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "அவளுக்கு வேலை இருக்கும்" என்று எழுந்து போகிறார்.

அம்மா


செப்டம்பர் 20

அம்மா,

படத்தைப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவிடம் மட்டும் காட்டாதே.

வேறு எதுவும் எழுத வரவில்லை.


அக்டோபர் 15

என் கண்ணே,

காட்டாதே என்றாய். கவரைப் பிரிக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நான் என்ன செய்வேன்?

வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, கஸ்டமர் படத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஸ்டுடியோவிலிருந்து ஸ்கேலும் பென்சிலும் எடுத்து வரச் சொன்னார். ஸ்கேலை நான் பிடித்துக்கொள்ள, இடது கையால் மூலைக் கட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டார். "இத வெட்டிடு. புள்ளைங்கள யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றார். அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

அடுத்து என்னையும் வெட்டப் பென்சிலைக் கொண்டுபோனார். கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் இருக்கட்டுங்க. யாராவது ஒருத்தர் சிரிச்சாத்தான் பாக்கறவங்களுக்குப் புரியும்" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். நான் அழுதேன். அவரும் அழுதார்.

வெட்டிய துண்டு அவர் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து வைக்கச் சொல்கிறார்.

படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். வாய் கோணினால், கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் உடனே வாருங்கள் என்று கீழே எழுதியிருக்கிறது. நேற்று அப்பாவைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "அடப்பாவமே, இந்த நேரத்துல பின்னாடி நின்னு சிரிக்குதே, யாரு அது?" என்றாள். "நான்தாம்மா" என்றேன். பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

உன்னைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை குட்டிம்மா. வீட்டில் அப்பா மட்டும்தான் கேட்கிறார்.

அம்மா